கொடம் எங்கவே போச்சு? மாஸ்டரிங் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் பாதிக்குமேல் வில்லுப்பாட்டு. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாடப் போகும் குழுக்கள் தங்கள் கதையைப் பதிந்து யூடியூபில் போடவும், பென் டிரைவில் ஏற்றி ஊர் ஊராகக் கொடுக்கவும் வருவார்கள். மிச்சம், டிசம்பர் நெருங்கும்போது வரும் கிறிஸ்துமஸ் பாட்டுகள், அப்புறம் அம்மன் பாட்டுகள்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழுவுக்குச் சுடலைமாடன் கதையைப் பதிந்து, மிக்ஸ் செய்து, மாஸ்டரிங்கும் செய்து கொடுத்தேன். மூன்று வேலையும் நானே, அதே அறையில், அதே ஸ்பீக்கரில். பத்து நாள் கழித்துப் புலவர், அதாவது கதை சொல்லிப் பாடும் குழுத் தலைவர், போனில் கூப்பிட்டார். அடுத்த கொடைக்கு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் எங்கள் பதிவு ஓடுவது போனிலேயே கேட்டது. "தம்பி, பாட்டெல்லாம் தெளிவா இருக்கு. கொடம் எங்கவே போச்சு?"

வில்லுப்பாட்டில் வில்லின் மணி, உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் மேலே மின்னும் ஒலிகள். கீழே நின்று தாங்குவது குடம் ஒன்றுதான். கனமான மண்குடம், வாயில் தட்டினால் 'கும்' என்று கேட்பவன் வயிற்றுக்குள் இறங்கும். சுடலை மயானத்துக்கு வருகிற இடத்தில் அந்தக் 'கும்' இல்லையென்றால் கதை நிற்காது. பதிவில் அது இருந்தது. மிக்ஸிலும் இருந்தது. மாஸ்டரிங்கில்தான் தொலைந்திருந்தது. அதைத் தேடிப் போன வழியில்தான் மாஸ்டரிங் என்ன வேலை என்பதே எனக்குப் பிடிபட்டது. புதிதாக இந்த வேலைக்குள் வருகிறவர்களுக்கு அந்த வழியிலேயே சொல்கிறேன்.

மூன்று படிகள்

ஒரு பாட்டு மூன்று படி ஏறித்தான் காதுக்கு வருகிறது. முதல் படி பதிவு. எங்கள் வழக்கப்படி ஒரு வில்லுப்பாட்டுக் குழுவுக்கு எட்டு மைக்: புலவருக்கு ஒன்று, பக்கப்பாட்டுக்கு இரண்டு, வில், உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை என்று ஆளுக்கொன்று. எட்டும் எட்டு டிராக்காகக் கணினியில் இருக்கும். இரண்டாவது படி மிக்ஸிங். உடுக்கை கூடினால் உடுக்கையை மட்டும் இறக்கலாம். புலவர் குரல் பின்னால் நின்றால் அதை மட்டும் முன்னால் கொண்டுவரலாம். முடிவில் எட்டு டிராக்கும் சேர்ந்து இடது, வலது என்று இரண்டே சானல் உள்ள ஒரு ஸ்டீரியோ ஃபைல் ஆகிவிடும்.

மூன்றாவது படியான மாஸ்டரிங் அந்த ஒற்றை ஃபைலின் மேல் நடக்கிறது. இங்கே உடுக்கை தனியாகக் கிடையாது, குடம் தனியாகக் கிடையாது. நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே கல்லில் செதுக்கிய சிறு தூண்கள். ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூணும் அதிரும், ஏனென்றால் அடியில் எல்லாம் ஒரே கல். மாஸ்டரிங்கும் அப்படித்தான். குடத்தின் ஒலியைக் கூட்டுவதாக நினைத்து 110 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 110 தடவை அதிரும் ஒலியைத் தூக்கினால், அதே இடத்தில் இருக்கும் ஆண்குரலின் அடித்தொண்டையும் சேர்ந்து எழும். வில்லின் மணியை அடக்குகிறேன் என்று 6,000 ஹெர்ட்ஸைக் குறைத்தால், புலவர் சொல்லும் 'ச'வும் 'ஸ'வும் மழுங்கும். அதனால்தான் மாஸ்டரிங்கில் கை மிகச் சிறிதாக அசைய வேண்டும். சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல். மூன்று டெசிபலுக்கு மேல் ஏதாவது ஒன்றைத் திருப்ப வேண்டியிருந்தால், பெரும்பாலும் பழுது மிக்ஸில் இருக்கிறது. அங்கே திரும்பிப் போய்ச் சரிசெய்வதுதான் முறை.

அப்படியானால் மாஸ்டரிங் எதற்கு? பாட்டு எங்கே ஒலித்தாலும் தன் உருவம் மாறாமல் நிற்பதற்கு. வேனில், போனில், காதில் மாட்டும் ஹெட்போனில், கோயில் பந்தலில், டீக்கடைப் பெட்டி ஸ்பீக்கரில் என்று எல்லா இடத்திலும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கருவிகள் எல்லாம் தானாக இடத்தில் வந்து உட்காரும்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது

இசைத்தட்டுக் காலத்தில் இது கலையாக அல்ல, தேவையாகத்தான் பிறந்தது. அரக்குப் பூச்சுத் தட்டில் ஊசி வைத்துப் பாட்டைப் பள்ளமாகக் கீறுவார்கள். அந்தத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகள் அழுத்துவார்கள். எல்லாப் பிரதிகளுக்கும் தாய் அந்த முதல் தட்டு; 'மாஸ்டர்' என்ற பெயர் அதிலிருந்துதான். அடித்தொனி அதிகமானால் பள்ளம் அகன்று அடுத்த வரியை இடிக்கும், கேட்பவர் வீட்டில் ஊசி துள்ளும். எனவே கீறுவதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து, எது எவ்வளவு போகலாம் என்று பார்த்து அனுப்ப வேண்டியிருந்தது. 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுகள் வந்தபின் இந்த வேலை இன்னும் நுட்பமானது. கீறும்போது அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியைக் கூட்டுவது, கேட்கும் கருவியில் அதைத் திருப்பிப் போடுவது என்ற பொதுவான வளைவு 1954இல் நிலைபெற்றது. கேட்பவரிடம் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டி நினைத்து, இங்கேயே அதற்கு இடம் விட்டு வைக்கும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறது.

1982இல் சிடி வந்தது. ஊசி துள்ளும் பயம் போயிற்று. அதற்குப் பதிலாக ஒரு கூரை வந்தது. டிஜிட்டலில் 0 டெசிபல்தான் உச்சி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை; மீறினால் அலையின் தலை வெட்டப்பட்டுக் கரகரப்பாகக் கேட்கும். இந்தக் கூரை பற்றிப் பின்னால் வருகிறேன்.

காதும் அறையும்

முதலில் குடத்தின் கதையை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மாஸ்டரிங்கில் எந்தக் கருவியையும் விட முக்கியமானது இதுதான்.

என் அறை பத்துக்குப் பத்து. நான் சரியாக நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் எதிரொலி வராமல் இருக்கப் பத்தமடைப் பாய் நாலைந்து வாங்கி மாட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, கைதட்டினால் முன்னைப் போல் சலசலக்கவும் இல்லை. அதுவே போதும் என்று நம்பினேன்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி என்பது மூன்று மீட்டரும் கொஞ்சமும். 343ஐ அந்த அகலத்தால் வகுத்தால் சுமார் 112 வரும். அதாவது 112 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நீளம் என் அறையின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அந்த அலை தன்மேல் தானே ஏறி, இரண்டு சுவர் ஓரத்திலும் அறையின் நடுவிலும் பெருத்து நிற்கும். அறை சதுரம் என்பதால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே எண். நான் உட்கார்ந்தது அது மிகப் பெருத்து நிற்கும் இடம். அந்தக் குழுவின் குடத்தின் அடித்தொனி 110 ஹெர்ட்ஸ் பக்கம். என் காதுக்குக் குடம் இடிபோல் விழுந்தது. "குடம் ரொம்ப அதிகம்" என்று நினைத்து ஈக்வலைசரில் அந்த இடத்தில் ஐந்து டெசிபல் குறைத்தேன். என் நாற்காலியில் எல்லாம் அளவாகக் கேட்டது. வேனில் என் அறை இல்லை, என் நாற்காலியும் இல்லை. குடமும் இல்லை.

பாய் ஏன் காப்பாற்றவில்லை? 112 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர். சில மில்லிமீட்டர் தடிமன் உள்ள கோரைப்பாய் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. பாய் பிடித்தது மேல்தொனிகளை மட்டும். அடித்தொனியைப் பிடிக்க நல்ல தடிமனும் ஆழமும் வேண்டும். பிறகு அறையின் நான்கு மூலையிலும் கிளாஸ் வுல் அடைத்த தடித்த சட்டங்களை நிறுத்தினேன். நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடி தூரத்துக்கு நகர்த்தினேன். முழுவதும் தீரவில்லை, சதுர அறையில் முழுவதும் தீராது. ஆனால் இப்போது என் அறை எந்த இடத்தில் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் அறையை நீங்களே சோதிக்கலாம். 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரே அளவில் மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். சில இடத்தில் பெருக்கும், சில இடத்தில் காணாமல் போகும். அந்த எண்களைக் குறித்து வையுங்கள். பிறகு நாற்காலியை ஒரு முழம் நகர்த்தி மறுபடி கேளுங்கள். ஸ்பீக்கருக்கு இன்னும் இருபதாயிரம் செலவு செய்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

அறைக்கு அடுத்தது காது. மனிதக் காது எல்லா அளவிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933இலேயே அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து காட்டினார்கள். மெல்லக் கேட்கும்போது அடித்தொனியும் உச்சத்தொனியும் காதுக்கு மங்கிவிடும். சத்தம் கூடக்கூட அவை எழுந்துவரும். இதனால் ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தாலே அது 'நல்லா இருக்கு' என்று தோன்றும். மாஸ்டரிங் கற்கிறவர்களைப் பிடிக்கும் முதல் பொறி இதுதான். எந்தக் கருவியைப் போட்டாலும் சத்தம் கொஞ்சம் கூடும், கூடியதும் காது மகிழும், கருவிதான் மேம்படுத்தியது என்று நம்பிவிடுவோம். அதனால், போடுவதற்கு முன் இருந்த ஒலியையும் போட்ட பின் உள்ள ஒலியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். அப்படிச் செய்து பார்த்தால் போட்ட கருவிகளில் பாதியை நீங்களே கழற்றிவிடுவீர்கள்.

கேட்கும் சத்தத்தையும் ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு குரலைக் கொஞ்சம் மட்டும் உயர்த்திப் பேச முடிகிற அளவு சின்ன அறைக்குப் போதும். மிக்ஸ் செய்த அன்றே மாஸ்டரிங் செய்யாதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்த காது வேறு காது. முடிந்தால் வேறு ஆளிடமே கொடுங்கள்; உடுக்கைக்காக மூன்று மணி நேரம் மாரடித்தது அவருக்குத் தெரியாது, பாட்டு மட்டும்தான் அவருக்குக் கேட்கும்.

ஈக்வலைசரும் மறுகாலும்

ஈக்வலைசர் ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் கூட்டிக் குறைக்கும் கருவி. மனிதக் காதின் எல்லை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. வில்லுப்பாட்டை வைத்துச் சொன்னால், 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் குடம். 200இலிருந்து 400 வரை எல்லாக் குரலும் வாத்தியமும் நெருக்கியடிக்கும் இடம், இது கூடினால் பாட்டு போர்வைக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். 2,000இலிருந்து 4,000 வரை சொல் புரியும் இடம். அதற்கு மேலே ஜால்ராவும், வீசுகோல் நாணில் விழும்போது சிதறும் மணியோசையும். பிடித்த நல்ல பதிவு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேட்டால் உங்கள் பாட்டில் எது கூட, எது குறை என்று சீக்கிரம் தெரியும்.

அடுத்தது கம்ப்ரசர். பலருக்கு இது புரிவதில்லை. குளத்தை வைத்துப் பார்த்தால் புரியும். மழை பெய்து குளம் நிறைகிறது. மறுகால் மட்டம் வரைக்கும் தண்ணீர் வர வர நீர்மட்டம் அப்படியே ஏறும். மறுகாலைத் தொட்டதும் உபரி வழிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வரத்து இரண்டு மடங்கு ஆனாலும் மட்டம் கொஞ்சம்தான் ஏறும். கம்ப்ரசரும் இதேதான். 'திரெஷோல்டு' என்பது மறுகாலின் மட்டம். அதற்குக் கீழே உள்ள ஒலியை அது தொடாது. மேலே போனதை ஒரு விகிதத்தில் அடக்கும். விகிதம் 2க்கு 1 என்றால், மட்டத்துக்கு மேல் 2 டெசிபல் ஏற வேண்டிய ஒலி 1 டெசிபல்தான் ஏறும். மறுகாலை மிக அகலமாகக் கட்டிவிட்டால் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் மட்டம் அதற்கு மேல் எழாது. அந்தக் கருவிக்குப் பெயர் லிமிட்டர். டிஜிட்டல் கூரையை ஒலி இடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

மறுகால் திறந்து தண்ணீர் வழியக் கொஞ்ச நேரம் ஆகும் அல்லவா, அதுபோல் கம்ப்ரசருக்கும் நேரம் வைக்கலாம். 'அட்டாக்' என்பது எவ்வளவு சீக்கிரம் அடக்கத் தொடங்கும் என்பது. 'ரிலீஸ்' என்பது எவ்வளவு நேரத்தில் விடும் என்பது. குடத்தைத் தட்டும் முதல் நொடிப்பொழுதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அட்டாக்கை 30 மில்லிசெகண்டு அளவில் வைத்தால் அந்தத் தட்டல் தப்பி வெளியே வந்துவிடும், அதன் பின்னால் வரும் அதிர்வு மட்டும் அடங்கும். அட்டாக்கை ஒரு மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்தால் தட்டலும் அமுங்கி, குடம் துணி சுற்றினமாதிரி ஆகிவிடும். வில்லுப்பாட்டுக்கு விகிதம் 1.5க்கு 1, அடக்குவது ஒன்று இரண்டு டெசிபல் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஏன் நிறுத்த வேண்டும் என்றால், கதைக்காக. வில்லுப்பாட்டில் புலவர் வசனம் சொல்லும்போது கிட்டத்தட்டத் திண்ணையில் பேசுவதுபோல் பேசுவார். குழு "ஆமா" போடும். அப்புறம் மெல்லப் பாட்டு ஏறும், உடுக்கை ஏறும், குடமும் கட்டையும் சேர்ந்து ஓங்கும். கொடையில் அந்த ஏற்றத்தில்தான் சாமி வந்து ஆடும். கம்ப்ரசரையும் லிமிட்டரையும் இறுக்கினால் வசனமும் உச்சமும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும். ஏறுவதற்குப் படியே இல்லாமல் போய்விடும். ஒரு மணி நேரக் கதை முழுக்க ஒரே சத்தத்தில் வந்தால் கேட்பவர் காது இருபது நிமிஷத்தில் களைத்துவிடும்.

சத்தப் போட்டியும் லஃப்ஸும்

ஆனாலும் உலகமே பல வருஷம் அப்படித்தான் இறுக்கியது. அடுத்தவன் பாட்டைவிட என் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டி 1990களின் நடுவில் டிஜிட்டல் லிமிட்டர்கள் வந்தபின் உச்சத்துக்குப் போயிற்று. இன்று அந்தப் போட்டியில் அர்த்தம் இல்லை. காரணம் ஓர் அளவுகோல்.

2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காது உணரும் சத்தத்தை அளக்க ஒரு முறையை வகுத்தது. அந்த அளவின் அலகு லஃப்ஸ். உச்சி எவ்வளவு என்று பார்க்காமல், பாட்டு முழுக்கச் சராசரியாக எவ்வளவு சத்தமாக உணரப்படுகிறது என்று பார்க்கும். இப்போது பாட்டைக் கேட்கவைக்கும் தளங்கள் இதை வைத்து எல்லாப் பாட்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. கூரைக்குக் கீழே என்பதால்தான் மைனஸ்; எண் சிறுக்கச் சிறுக்கச் சத்தம் கூடும். நீங்கள் நசுக்கிப் பிழிந்து மைனஸ் 8இல் கொடுத்தால், ஸ்பாட்டிஃபை அதை 6 டெசிபல் இறக்கித்தான் ஒலிக்கவிடும். சத்தமும் மிஞ்சாது, உயிரும் போய்விட்டிருக்கும். யூடியூபும் சத்தமான பாட்டை இறக்கும், ஆனால் மெல்லிய பாட்டை ஏற்றாது. அதனால் ரொம்பவும் மெலிதாகக் கொடுப்பதும் சரியில்லை. வில்லுப்பாட்டை நான் மைனஸ் 14 பக்கத்தில் விட்டுவிடுவேன். தாளம் மட்டுமே ஓடும் ஆட்டப் பாட்டு என்றால் இன்னும் இரண்டு மூன்று ஏறலாம்.

லிமிட்டரின் கூரையை 0இல் வைக்காமல் மைனஸ் 1இல் வையுங்கள். டிஜிட்டல் ஒலி புள்ளி புள்ளியாகச் சேமிக்கப்படுகிறது. திரும்ப அலையாக மாறும்போது இரண்டு புள்ளிக்கு நடுவில் அலை இன்னும் உயரமாக எழக்கூடும். எம்பி3 போல சுருக்கும்போதும் உச்சி கொஞ்சம் எகிறும். அந்த ஒரு டெசிபல் அதற்கான இடம். லிமிட்டரில் 'ட்ரூ பீக்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பந்தலில் காணாமல் போன "ஆமா"

இன்னொரு குழுவின் பதிவில் வேறொன்று நடந்தது. பக்கப்பாட்டுக்காரர்கள் வில்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். ஹெட்போனில் கேட்கும்போது அந்த "ஆமா" இரண்டு காதிலும் அகன்று விழ வேண்டும் என்று ஸ்டீரியோவை விரிக்கும் ஒரு கருவியைப் போட்டேன். ஹெட்போனில் அருமையாக இருந்தது. கொடைக்கு முந்தின நாள் பந்தலில் மைக்செட் காரர் அதே பதிவைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டார். புலவர் பேசுகிறார், குடம் தட்டுகிறது, "ஆமா" மட்டும் எங்கோ தூரத்தில் முனகுகிறது. "பக்கப்பாட்டே கேக்கலையே தம்பி" என்றார்.

அந்தக் கருவி செய்தது இது: "ஆமா"வின் ஒரு நகலை இடது பக்கமும், அதையே தலைகீழாகப் புரட்டி வலது பக்கமும் அனுப்பியது. இரண்டு காதுக்குத் தனித்தனியாகப் போனால் விரிந்து கேட்கும். பந்தலில் உள்ள குழாய்களுக்கெல்லாம் ஒரே வயர், ஒரே ஒலி. இடதும் வலதும் அங்கே கூட்டப்படுகின்றன. கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்ஜியம். போனில் உள்ள ஒற்றை ஸ்பீக்கரிலும் இதே கணக்குதான். எனவே மாஸ்டரிங்கில் எல்லாம் முடிந்தபின் 'மோனோ' பொத்தானை அழுத்தி ஒருமுறை முழுப் பாட்டையும் கேட்டுவிட வேண்டும். ஏதாவது ஒரு குரலோ வாத்தியமோ தேய்ந்தால், மிக்ஸுக்குத் திரும்பிப் போய் அந்த விரிப்பைக் கழற்றுங்கள். இடது பக்கத்தவரை இடதிலும் வலது பக்கத்தவரை வலதிலும் வெறுமனே நகர்த்தி வைத்தாலே போதும். அப்படிச் செய்தால் மோனோவில் ஒன்றும் அழியாது.

குழாய் ஸ்பீக்கருக்கும் போனுக்கும் இன்னொரு குறை உண்டு. குடத்தின் 110 ஹெர்ட்ஸை அவற்றால் எழுப்பவே முடியாது. ஆனால் காதிடம் ஓர் அற்புதமான குணம் இருக்கிறது. 110இன் மடங்குகளான 220, 330, 440 எல்லாம் சேர்ந்து கேட்டால், அடியில் 110 இல்லாவிட்டாலும் மூளை அதை இருப்பதாகவே கேட்கும். 'சாச்சுரேஷன்' என்ற கருவி அந்த மடங்குகளை இலேசாகச் சேர்க்கும். மிக்ஸில் குடத்தின் டிராக்குக்கு மட்டும் அதைத் துளி போட்டால், சின்ன ஸ்பீக்கரிலும் குடம் இருக்கிற இடம் தெரியும். போன் ஸ்பீக்கரில் குடம் கேட்கவில்லை என்று ஈக்வலைசரில் அடித்தொனியை ஏற்றிக்கொண்டே போவது வீண். போனுக்கு அது எட்டாது, வேனில் அது இடிக்கும்.

கடைசிச் சில வேலைகள்

ஒரு கதை பல பகுதிகளாக வரும்போது, காப்பு, அவையடக்கம், கதை, வாழி என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரே லஃப்ஸுக்கு இழுக்காதீர்கள். அவையடக்கம் பணிவாகத்தான் ஒலிக்க வேண்டும். புலவரின் குரல் எல்லாப் பகுதியிலும் ஒரே ஆள் ஒரே தூரத்திலிருந்து பேசுவதுபோல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பகுதிக்குப் பகுதி எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்குக் கணக்கு இல்லை, மூச்சுவிட்டுப் பாருங்கள், காது சொல்லும்.

மிக்ஸை மாஸ்டரிங்குக்குக் கொடுக்கும்போது 24 பிட் வேவ் ஃபைலாகக் கொடுங்கள், லிமிட்டர் எதுவும் போடாமல், உச்சி கூரையைத் தொடாமல் நாலைந்து டெசிபல் கீழே இருக்கும்படி. ஒரு பிட் என்பது கிட்டத்தட்ட 6 டெசிபல் இடம். 16 பிட்டில் 96, 24 பிட்டில் 144. சிடிக்காக 24ஐ 16 ஆக்கும்போது 'டித்தர்' என்ற மிக மெல்லிய இரைச்சலைச் சேர்ப்பார்கள். உடுக்கையின் அதிர்வு தேய்ந்து அடங்கும் இடத்தில் ஒலி படிக்கட்டுபோல் உடையாமல் வழுவழுப்பாக மறைய அது உதவும். ஒரே ஒரு தடவை, கடைசியில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டும். பாட்டாக மட்டும் போகிறதென்றால் 44,100, வீடியோவோடு போகிறதென்றால் 48,000 என்ற சாம்பிள் ரேட்டில், அதாவது நொடிக்கு அத்தனை புள்ளி என்ற கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுடலைமாடன் கதைக்கு நான் செய்த திருத்தம் மிகச் சிறியது. அந்த ஐந்து டெசிபல் குறைப்பை எடுத்துவிட்டேன், குடத்தின் டிராக்கில் துளி சாச்சுரேஷன், கம்ப்ரசரின் அட்டாக்கைக் கொஞ்சம் தாமதித்தேன். மற்றதெல்லாம் பழையபடியே. பிறகு ஃபைலை வண்டியில் ஒருமுறை, போனில் ஒருமுறை, மோனோவில் ஒருமுறை கேட்டேன்.

நாலாவது தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எங்கேயும் கை வைக்காமல், முதல் நொடியிலிருந்து கேட்க வேண்டும். தொடக்கத்தில் 'டிக்' என்று ஒரு வெட்டு, நடுவில் ஒரு சொடுக்கு, முடிவில் ஒலி அடங்குமுன் அறுந்துபோவது, இவையெல்லாம் இந்தத் தடவையில்தான் பிடிபடும். அந்தப் பதிவில் வாழி பாடி முடித்தபின் கடைசி ஜால்ரா ஒலி முழுக்கத் தேய்வதற்குள் ஃபைல் முடிந்திருந்தது. இரண்டு நொடி நீட்டி மறுபடி எடுத்து அனுப்பினேன்.